எந்தக் கண்ணாடி, நைனா?

எத்தனையோ பேர் என்னைக் குழப்பியிருக்கிறார்கள். ஆனால் ‘கண்ணாடி’ என்கிற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு என்னைக் கிறுக்கனாக்கிய பெருமை, திருவள்ளூர் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் கண்ணாடி நைனா ஒருவருக்குத்தான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் லாரிகளுக்கு முன் கண்ணாடி மாட்டுகிறவர். எல்லோரையும் ‘நைனா’ என்பார். அதனால் எல்லோருக்கும் அவரும் நைனா. சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

மாமனார் கொடுத்த பழைய கார் ஒன்று எங்களிடம் உண்டு. உருண்டை மூக்கு, சோபா மாதிரி முன் சீட்டு. வேப்பம்பட்டில் எங்கள் தெருவே அதைப் ‘பன்னு வண்டி’ என்றுதான் சொல்லும். அதில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் கல்யாணத்துக்குப் போவேன் என்று மகள் தீபா சின்ன வயதிலிருந்தே சொல்லிவைத்திருந்தாள். திருவாலங்காட்டுக் கோயிலில் முகூர்த்தம் குறித்தோம். ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. முன் கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் வெடித்து, தண்ணீர் மிகச் சரியாக அவள் உட்காரும் இடத்தில் சொட்டியது. பட்டுப்புடவையை நினைத்து என் மனைவிக்குத் தூக்கமே போய்விட்டது.

நைனாவுக்குப் போன் செய்தேன். “முன் கண்ணாடி ஒழுகுது நைனா.”

“கண்ணாடி எங்கனா ஒழுகுமா? ரப்பர்தான் ஒழுகும். இரு, கண்ணாடி எடுத்துக்கினு வரேன்.”

புதுக் கண்ணாடி வேண்டாம் என்று நான் கத்துவதற்குள் போனை வைத்துவிட்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் வந்து இறங்கியவர் கையில் ஒரு ரப்பர் சுருளும் மூக்குக் கண்ணாடியும்தான் இருந்தன.

வந்ததும் காருக்குள் ஏறிக் குடையை விரித்துக்கொண்டார். “ஊத்து நைனா!”

பளீரென்று வெயில். நான் வாளி வாளியாகக் காரின் மேல் ஊற்றினேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “இன்னா சார், ஏதாச்சும் பரிகாரமா?” என்றார்.

ஒழுகும் இடம் தெரிந்ததும் நைனா, “கண்ணாடிய கழட்டு” என்றார். நான் மரியாதையாக அவர் மூக்கிலிருந்து கழற்றினேன்.

“இத்த இல்ல நைனா, அத்த! ஒரே பேஜாரா கீதே உன்னோட!”

பிடுங்கி டேஷ்போர்டு மேல் வைத்தார்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. புது ரப்பரின் பள்ளத்தில் கயிறு ஓட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, நான் வெளியிலிருந்து அழுத்த, அவர் உள்ளேயிருந்து கயிற்றை இழுக்க, கண்ணாடி வாகாக உட்கார்ந்தது. ஓரமெல்லாம் பசை வைத்தார். மறுபடி வாளி. ஒரு சொட்டு இல்லை. என் மனைவி கையே தட்டிவிட்டாள்.

நைனா மூக்கைத் தடவினார். “கண்ணாடி எங்க?”

“இதோ, ஜம்முனு இருக்கே!”

“இத்த இல்ல!”

டார்ச் அடித்துப் பார்த்தோம். டேஷ்போர்டின் மூலை இடுக்கில் சரிந்து, ஆழத்தில் கிடந்தது. கை போகவில்லை. கம்பி விட்டோம், இன்னும் உள்ளே போனது.

“இப்போ என்ன செய்யறது?”

“கண்ணாடிய எடுக்கணும்னா கண்ணாடிய எடுக்கணும்.”

எனக்குப் புரியச் சற்று நேரமானது. ஈரப் பசையோடு பிரித்தால் ரப்பர் கிழியும். மாற்று ரப்பர் இல்லை. வானமோ மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது.

“உங்க கண்ணுதாண்ணா முக்கியம். எடுத்துடுங்க, வாடகை வண்டியில போய்க்கிறோம்” என்றாள் என் மனைவி.

வாசலில் மருதாணிக் கையோடு நின்ற தீபாவை நைனா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “பரவால்ல, கண்ணாடி அப்டியே இருக்கட்டும்.”

எந்தக் கண்ணாடி என்று நான் கேட்பதற்குள், வழியில் நின்ற விளக்குக் கம்பத்திடம் “கொஞ்சம் தள்ளு நைனா” என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டார்.

மறுநாள் மழை கொட்டித் தீர்த்தது. பட்டுப்புடவையில் ஒரு சொட்டு விழவில்லை. வண்டி திரும்பும்போதெல்லாம் உள்ளே ஏதோ கடகடத்தது.

“இன்னாப்பா சத்தம்?” என்றாள் தீபா.

“நைனாதாம்மா” என்றேன்.

அவருக்குப் புது மூக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் மழை வந்தால் போன் செய்கிறார். “கண்ணாடி எப்டி கீது நைனா?”

எந்தக் கண்ணாடி என்று நான் கேட்பதில்லை. “நல்லா கீது நைனா” என்கிறேன். மழை பிடித்தால் இப்போதெல்லாம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.