பஸ்ஸுக்காக நான் பாடிய கோரஸ்

சென்னைக்கு நூறு பாட்டு இருக்கிறது. மதுரைக்காரர்கள் தங்கள் ஊர்ப் பாட்டு ஒலித்தால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். தனி மாவட்டமாகி இத்தனை வருஷமாகியும் எங்கள் கள்ளக்குறிச்சிக்கென்று ஒரு பாட்டு கிடையாது. (யாரும் கேட்கவும் இல்லை என்பது வேறு விஷயம்.) அந்தக் குறையைத் தீர்க்கப் போய்த்தான் ஒரு மறியலையே கவிழ்க்கப் பார்த்தேன்.

அப்போது வெள்ளிமலையில் செல்போன் டவர் பராமரிக்கும் வேலையில் சேர்ந்து ஐந்து மாதம். மலை முழுக்க சிக்னல் கிடைக்கச் செய்வது என் பொறுப்பு. என் போனுக்கு வருவது அம்மாவின் அழைப்பும் லோன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்பும்தான். வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸைப் பிடித்து தியாகதுருகத்தில் வீட்டுக்குப் போய்விடுவேன். ஒருநாள் அந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். காரணம்: பயணிகள் இல்லை.

முதல் சனிக்கிழமை அறையில் துணி துவைத்தேன். இரண்டாவது சனிக்கிழமை துவைத்த துணியையே துவைத்தேன். மூன்றாவது சனிக்கிழமை ஊருக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரு பாட்டு எழுதி, குரல்மேல் குரல் பதியும் ஆப்பில் பாடினேன். தலைவி குரல், பதில் குரல், கரகரப்பான ஆண் குரல், நடுவில் 'ஹோய்' குரல். நாலும் நானே. குக்கர் மூடிதான் தாளம்.

அந்த வாரம் டீக்கடை வசந்தாக்கா மறியலுக்கு ஆள் சேர்த்தார். "நீ இன்ஜினியராமே, பாட்டுப் பொட்டிய நீ பாத்துக்க" என்றார். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடப் போகும்போது தூக்கிப்போகும் சர்ச் ஸ்பீக்கரை இரவல் வாங்கினேன். பட்டியல் போட்டேன். முதலில் போராட்டப் பாட்டு, அடுத்தது மதுரைக்காரர்களின் ஊர்ப் பெருமைப் பாட்டு, கூட்டம் சோர்ந்தால் சென்னைக் குத்துப் பாட்டு. 1, 2, 3 என்று எண். என் பாட்டையும் அதே ஃபோல்டரில் வைத்தேன், யாராவது கேட்டால் காட்டலாமே என்ற நப்பாசையில். பட்டியலில் சேராதது என்பதால் அதற்கு 0. (கம்ப்யூட்டரும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும் என்று எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அன்று மறந்துபோனது.)

ரோட்டில் உட்கார்ந்தோம். டிப்போ அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கினார். வசந்தாக்கா கண் காட்டினார். பட்டனை அழுத்தினேன்.

"யாருக்கு வேணும் பஸ்ஸு?" என்றது என் குரல்.

"எனக்கு வேணும் பஸ்ஸு!" இதுவும் என் குரல்.

"எனக்குந்தான் வேணும் பஸ்ஸு!" ஜலதோஷம் பிடித்த என் குரல்.

"ஹோய்!"

நிறுத்தப் போன பதற்றத்தில் வால்யூமை ஏற்றிவிட்டேன். பாட்டு முடிந்தது, ரிக்கார்டிங் முடியவில்லை. ஒற்றை ஆள் கைதட்டும் சத்தம். அப்புறம் மலைக்கே கேட்கிற மாதிரி, நானே எனக்கு, "சூப்பர்டி ஸ்டெல்லா." "தேங்க்ஸ்டி."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பயணிங்க இல்லன்னுதான் நிறுத்துனோம். நீங்களே ஒரு ஆள வச்சி நாலு பேரு மாதிரி கத்த வுடுறீங்க. நான் இன்னாத்த எழுதுறது?"

ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் ஓடிவிடலாமென்று வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

வசந்தாக்கா எழுந்தார். "சார், பாட்டுலதான் ஒரு ஆளு. ஒக்காந்துகினு கீற எங்கள எண்ணிப் பாருங்க. அதவுடுங்க. அந்தப் பொண்ணு ரூமுக்குள்ள தனியா தன்னோடவே பேசிக்கினு கீது பாருங்க. அதுக்காகனா ஒரு பஸ்ஸு வுடக்கூடாதா?"

முதல் நியாயத்துக்கு அசையாத அதிகாரி இரண்டாவதற்குத் தலையாட்டினார். 'மலை மக்களின் உரிமை' என்று அவரிடம் கொடுக்க வைத்திருந்த மனுவில் தடித்த எழுத்தில் அடித்திருந்தேன். கிடைத்ததோ என் மேல் இரக்கம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் வந்தது. இன்றும் நான் கிளம்புகிறேன் என்று போன் செய்தால், "நாலு பேருக்கும் சேத்தே சோறு வடிக்கட்டா?" என்பார் அம்மா. மழைக்காலத்தில் சில வாரம் பஸ்ஸில் நான் ஒருத்திதான். கண்டக்டர் காலி சீட்டுகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு வருவார்.

"இன்னா கோரஸ், மொத்தம் எத்தினி டிக்கெட்?"

"ஒண்ணுதாங்க."

முன்னாலிருந்து, ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், டிரைவர் 'ஹோய்' போடுவார்.