அன்ட்ரோமீடா தோஷம்

வத்தேகமச் சந்தையின் மேல்மாடியில் சனிக்கிழமை என்றால் நிற்க இடமில்லை. நாவலப்பிட்டியிலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள். சனியும் செவ்வாயும் பழசாகிவிட்டனவாம். இப்போது குடி கெடுப்பது அன்ட்ரோமீடாவாம்! அந்த விண்மீன் மண்டலம் நம் பால்வீதியோடு மோத வருகிறது, அதன் பார்வை பட்ட பெண்ணைக் கட்டினால் குடும்பம் சிதறும் என்று கண்டுபிடித்தவர் கிறகரி மாஸ்டர். முந்திய தொழில், டிஷ் அன்டெனா பூட்டுவது. வானத்தோடு பழைய தொடர்புதான்!

அவர் கையில் ஒரு செப்புக் கம்பி. எதிர்க் கதிரையில் இருப்பவருக்குத் தோஷம் இருந்தால் அது ஆடும். பரிகாரத் தகடும் அவரிடமே விற்பனைக்கு உண்டு.

தினுஷாவுக்குக் கம்பி ஆடியது. மாப்பிள்ளை றஜீவின் அம்மா றோஸ், இரண்டு தகடு வாங்கியும் பயம் தெளியாமல் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்.

தினுஷாவின் அக்கா நடாஷா வெளிநாட்டில் பேராசிரியை. விண்மீன் மண்டலங்கள் எப்படி உருவாகின்றன, எப்படி மோதிக் கலக்கின்றன என்று பதினெட்டு வருடமாக ஆராய்கிறவள். கல்யாணத்துக்கென்று லீவில் வந்தால், தங்கை அறையைவிட்டு வெளியே வரவில்லை. அந்தச் சனிக்கிழமையே தங்கையையும் றோஸையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினாள்.

"மாஸ்டர், அது கட்டாயம் மோதுமா?"

"சந்தேகமே இல்ல, மகள்."

"நான் இத்தனை வருஷமா கணக்குப் போடுறேன். மோதலாம், மோதாமலும் போகலாம்னுதான் சொல்ல முடியுது. மோதினாலும் பல நூறு கோடி வருஷம் கழிச்சுத்தான்."

"படிப்பு வேற, ஞானம் வேற!"

கூட்டம் கைதட்டியது. 'தெரியாது' என்று சொல்கிறவருக்கு யார் கைதட்டுவார்கள்?

"சரி, கம்பி ஆட உங்க கண் வேணுமா?"

"கண் எதுக்கு? அண்டம் ஆட்டுது!"

றோஸின் சால்வையை வாங்கி மாஸ்டரின் கண்ணைக் கட்டினாள் நடாஷா.

முதலில் தினுஷாவைக் கதிரையில் இருத்தினாள். கம்பி அசையவில்லை. "சுத்தமான ஜாதகம்!" என்றார் மாஸ்டர்.

அடுத்து றோஸ். கம்பி குதித்தது. "கடும் தோஷம்! இந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே நடக்காது!" றோஸுக்கு வயது ஐம்பத்தெட்டு, பிள்ளைகள் மூன்று.

மூன்றாவதாக யாரையும் இருத்தவில்லை. கம்பி சுழன்றது. "ஐயோ, இவங்களுக்கு உடனே தகடு கட்டணும்!"

"எங்க கட்டுறது மாஸ்டர், கதிரைக் காலிலயா?" என்றார் துணிக்கடைப் பளீல் நானா. மாடியே சிரித்தது. மாஸ்டர் சால்வையைப் பிய்த்தெறிந்து காலிக் கதிரையைப் பார்த்தார். பிறகு படியைப் பார்த்தார். இறங்கியவர் திரும்பவில்லை.

றோஸ் கண்கலங்கி தினுஷாவின் கையைப் பிடித்தார். "மன்னிச்சிரு மகள். கல்யாணத்தை வச்சிருவோம்."

தினுஷா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "றஜீவ் இத்தனை நாளா ஒரு போன்கூட எடுக்கலையே ஆன்ட்டி. நான் யோசிச்சுச் சொல்றேன்."

அத்தனை சனிக்கிழமைகளில், யோசிப்பதாக ஒருவர் அங்கே சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை, மக்களே; இப்போதே தொடங்கலாம்.