கணப்பில்லாத சித்திரம்

மனித குலம் இதுவரை எழுப்பிய அறைகளில் ஈடு இணையற்றது எங்கள் ஹாக்ஸ்பெக் நகர நூலகத்தின் வாசிப்பறை. சந்தேகப்படுபவர்கள் அதன் நீர்வண்ணச் சித்திரத்தைப் பார்க்கலாம். அறையைப் பார்க்க வேண்டியதில்லை.

நூலகம் கட்டுவதற்கு முன் கட்டடக் கலைஞர் வரைந்து அனுப்பிய சித்திரம் அது. நகராட்சிப் பரணில் கிடந்ததை இந்த இலையுதிர் காலத்தில்தான் தூசு தட்டி எடுத்துக் கூட்ட அறையில் மாட்டினோம். உடனே ஒரு 'சித்திர ரசனைக் குழு' உதயமாயிற்று. தலைவர் கவுன்சிலர் கிராப்ட்ரீ. செயலாளர் அடியேன்.

தலைவர் கையிலிருந்த தேநீர் ஆறிப்போகும்வரை சித்திரத்தின் முன் நின்றார்.

"வடக்கு ஜன்னல் வழியா வெயில் எப்படிக் கொட்டுது பாத்தீங்களா?"

"நம்ம ஊர்ல தெற்கு ஜன்னல்லயே வெயில் வராதேங்க!"

"அதுக்குப் பேர்தான்யா கலை!"

பிறகுதான் அந்தப் பேருண்மை புலப்பட்டது. சித்திரத்தின் சுவர்கள் துடைத்துவிட்டாற்போல் இருந்தன. அறையின் சுவர்களிலோ குளிரைப் போக்க வெந்நீர் ஓடும் இரும்புக் கணப்புகள்! அழகு கெடும் என்று கணப்புகளை வரையாமல் விடுவது அந்தத் தொழிலில் வழக்கமாம். குழு அப்படிச் சுலபமாக ஏமாறவில்லை. 'கட்டடம் சித்திரத்திலிருந்து விலகி நடந்துகொண்டுள்ளது' என்று கண்டித்து, கணப்புகளை அகற்ற ஏகமனதாகத் தீர்மானித்தோம். அப்போது டிசம்பர்.

எதிர்ப்புக்கு ஒரே ஒருவர் வந்தார். மேவிஸ் ஆக்ராய்ட் என்ற மூதாட்டி. நூலகம் திறந்ததும் வந்து, கணப்பை ஒட்டி உட்கார்ந்து, மூடும்வரை செய்தித்தாள் படிப்பவர்.

"தம்பி, வீட்ல குளிருக்குக் கேஸைப் போட்டா பென்ஷன் பூரா அதுக்கே போயிடுது. பகல் முழுக்க இங்க உக்காந்துதான் உசிரைப் பிடிச்சு வச்சிருக்கேன். இதையும் புடுங்கிட்டா எங்க போவேன்?"

தலைவர் அவரைக் கனிவோடு சித்திரத்தின் பக்கம் திருப்பினார். அதில் மஞ்சள் கவுன் அணிந்த ஒரு பெண் நின்றபடி படித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணைப் பாருங்கம்மா. கையில்லாத கவுன். நடுங்குறாளா?"

"அவ வெறும் பெயிண்டுப்பா! அவளுக்கு மூட்டுவலியா இருக்கு?"

"சரி, இந்தப் படத்துல நீங்க எங்கயாவது இருக்கீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எப்படிம்மா 'பாதிக்கப்பட்டவர்'னு வந்து நிக்கிறீங்க?"

"படத்துல நீயுந்தான் இல்ல. உன்னையும் கழட்டிடுவாங்களா?"

'அம்மையாரின் ரசனை இன்னும் வளர வேண்டியிருக்கிறது' என்று கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

கணப்புகள் போயின. இப்போது அறை சித்திரத்தை அப்படியே உரித்து வைத்திருக்கிறது. வாசகர்கள் வந்து கெடுப்பதும் இல்லை. மேவிஸ் அம்மையார் மட்டும் சில நாள் ஓவர்கோட்டும் இரண்டு கம்பளிச் சால்வைகளுமாக வந்து சித்திரத்தின் ஒருமைப்பாட்டைக் குலைத்தார். பிறகு மார்ச்சளி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார். அங்கே நல்ல கணப்பு உண்டென்று கேள்வி. ஆகவே அவர் குறையும் தீர்ந்ததாகக் குழு கருதுகிறது.

நேற்று பாராட்டுக் கூட்டம். வெளியே முழங்கால் அளவு பனி. நாங்கள் கோட்டைக் கழற்றி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நெற்றி வியர்க்க வியர்க்கச் சித்திரத்தை ரசித்தோம். கழற்றிய கணப்புகள் எல்லாம் எங்கள் கூட்ட அறைக்குத்தான் வந்திருக்கின்றன. இதில் விதிமீறல் ஏதுமில்லை. எங்கள் அறையைத்தான் இன்னும் யாரும் வரையவில்லையே!