என் பேரிலோ, நான் சொல்லும் ஆள் பேரிலோ

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போய் ரத்தினசாமியைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். உதட்டைப் பிதுக்குவார்கள். நாச்சம்மா ஊட்டுக்காரர் என்று கேளுங்கள். வாசல்வரைக்கும் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார்கள். ஆனைமலையிலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த மனுசன். மாமனார் வீட்டில் சோற்றுக்குக் குறையில்லை, மரியாதைக்கும் குறையில்லை. பேர் மட்டும் வருகிற வழியில், கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்டிலேயே இறங்கிக்கொண்டது.

அதனால்தான் ரத்தினசாமி அந்தச் சபதத்தை எடுத்தார். மாட்டு யாவாரத்தில் சேர்த்த சொந்தக் காசில் சொந்தமாக ஒரு வீடு. ஆதாரம் தன் பேரில். (கிரயப் பத்திரத்துக்கு அந்தப் பக்கத்தில் ஆதாரம் என்று பேர்.) காரியம் முடிகிறவரைக்கும் நாச்சம்மாளிடம் மூச்சு விடக்கூடாது. அப்புறம் ஊர் அதை ரத்தினசாமி ஊடு என்று சொல்லித்தானே தீரவேண்டும்?

கந்தப்பன் தன் ஓட்டுவீட்டை விற்கப்போவதாகக் காதில் விழுந்ததும் கிளம்பிவிட்டார். பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்காதவர், வீட்டை மட்டும் சும்மா விடுவாரா? விட்டத்தைத் தட்டினார். கிணற்றில் கல் போட்டுப் பார்த்தார். நிலைப்படியில் கரையான் இருக்கிறதா என்று நகத்தால் கீறினார். எல்லாம் சுத்தம். வீடு யாருடையது என்று மட்டும் கேட்கவில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை முடித்தே பழகிய கை அது. மாட்டை யார் பிடித்துக்கொண்டு நிற்கிறாரோ அவர்தான் சொந்தக்காரர்.

ஆதாரம் எழுதும் யாக்கோபு கரார் எழுதினார். விலை இன்னது, அச்சாரம் இன்னது, இந்தத் தேதிக்குள் முடிக்கவேண்டும் என்று இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளும் காகிதம்தான் கரார். மலையாளத்தில் எழுதி மலையாளத்திலேயே வாசித்தார். ரத்தினசாமிக்கு டீக்கடை மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. காகித மலையாளம் வேறு சாதி. புரியவில்லை என்று சொன்னால் கௌரவம் என்னாகிறது? வரிக்கு வரி தலையாட்டினார்.

"ஆதாரம் உங்க பேரில் தன்னே?" என்றார் யாக்கோபு.

"எம்பேர்லயோ, நாஞ்சொல்ற ஆளு பேர்லயோன்னு போடுங்க. பெரிய யாவாரத்துல எல்லாம் அப்பிடித்தான்."

பொள்ளாச்சி மண்டிக்காரர் ஒருவர் அப்படிச் சொன்னதை எப்போதோ கேட்டிருந்தார். யாக்கோபு தலை நிமிர்ந்து பார்த்த பார்வையில் ரத்தினசாமி ஓரங்குலம் வளர்ந்தே போனார்.

அன்றிலிருந்து கையெழுத்துப் பழக்கம் தொடங்கியது. ஆதாரத்தில் விழப்போகிற கையெழுத்து சாதாரணமாக இருந்தால் ஆகுமா? 'ர'வுக்குக் கொம்பு, 'மி'க்கு வால், அடியில் இரண்டு கோடு. கடலை மூட்டை, மாட்டுத்தொட்டி, சுண்ணாம்படித்த சுவர், எதையும் விட்டுவைக்கவில்லை.

"ஏனுங்க, மூட்டை மேலெல்லாம் என்னுங்க கிறுக்கி வெச்சிருக்குது?" என்றாள் நாச்சம்மாள்.

"எலி ஓடியிருக்கும்."

"எலி கரி எடுத்துட்டா ஓடுச்சு?"

ரத்தினசாமி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

தவணை நெருங்கியது. யாக்கோபு கேட்டார், "பெங்கள் வருமல்லோ?"

"எந்தப் பெங்கள்?"

"கந்தப்பனுக்குக் கூடப்பொறந்த பழனாத்தாள். அது அவங்க அம்மை பேரில் இருந்த ஊடு. அம்மை போயாச்சு. மகனுக்கும் மகளுக்கும் சரிசமம். ரெண்டாளும் ஒப்பிட்டாத்தான், கையெழுத்துப் போட்டாத்தான், ஆதாரம் நிக்கும். அவளைக் கூட்டி வர்றது வாங்கற ஆளோட பொறுப்புன்னு கரார்ல உண்டு. வாசிச்சப்போ நீங்க தலையாட்டினீங்களே."

"அவ வரலைன்னா?"

"அச்சாரம் கந்தப்பனுக்கு."

ரத்தினசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். மாடு விற்கும்போது கூடப்பிறந்தவள் கையெழுத்தை எவன் கேட்டான்? ஓடினார் பழனாத்தாள் வீட்டுக்கு. அவள் மோர் கொடுத்தாள், கையெழுத்துக் கொடுக்கவில்லை.

"எம்பட மக சீருக்குத் தாய்மாமன்னு வந்து நிக்காத அண்ணனுங்க அது. அவனுக்காக நான் ஒரு புள்ளிகூட வெக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்தவரை நாச்சம்மாள் பார்த்தாள்.

"மொகம் ஏனுங்க இப்பிடித் தொங்குது? மாடு கீது போயிருச்சுங்களா?"

"மாடு இல்ல நாச்சி, ஊடு."

"கந்தப்பன் ஊடுங்களா?"

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"மாவு மில்லுல எல்லாருக்கும் தெரியுமுங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு வாயைப் பொத்திட்டிருந்தேன். சரி, கரார்ல வேற என்ன போட்டிருக்குது?"

சொன்னார். பழனாத்தாளின் கோபத்தையும் சொன்னார். சொல்லச் சொல்லச் சோர்வெல்லாம் போய்ப் பழைய பெருமை திரும்பிவிட்டது.

"நாஞ்சொல்ற ஆளுன்னா என்னுங்க அர்த்தம்?"

"நான் யாரைக் கை காட்டறனோ அவங்க பேர்ல எழுதிக் குடுத்தே ஆகோணும். கந்தப்பன் மூச்சு விட முடியாது. சட்டம், தெரியுமா? நாஞ்சொல்லிச் சேர்த்தது."

"அப்பிடிங்களா" என்று சொல்லிவிட்டு நாச்சம்மாள் ரசத்துக்குப் பெருங்காயம் போட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கந்தப்பனை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போனாள். அவன் தலையில் தாம்பாளம். சேலை, தேங்காய், பழம், மஞ்சள், மருமகளுக்கு ஒரு ஜதை வளையல். காலம் கடந்த சீர்தான், ஆனாலும் சீர். அண்ணனை வாசலில் கண்டதும் பழனாத்தாள் முதலில் வைதாள். பிறகு அழுதாள். பிறகு இலை போட்டாள். விசயத்தைக் கேள்விப்பட்ட ரத்தினசாமிக்குப் பெண்டாட்டியை நினைத்து நெஞ்சு நிறைந்துவிட்டது. என்ன இருந்தாலும் நம்மைக் கட்டிக்கொண்டவள் அல்லவா என்று அதையும் தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

பதிவு நாள் வந்தது. எமர்ஜென்சிக் காலம், சர்க்கார் ஆபீசில் ஆட்கள் நேரத்துக்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை வேட்டியும் புதுப் பேனாவுமாக யாக்கோபு முன்னால் ரத்தினசாமி உட்கார்ந்தார். அப்போதுதான் பழனாத்தாள் வாயைத் திறந்தாள்.

"கையெழுத்துப் போடறனுங்க. ஆனா எங்கம்மா ஊடு இது. ஒரு பொம்பள பேர்லதான் போகோணும். இல்லாட்டி நான் அடுத்த பஸ்சுக்குப் போறேன்." சொல்லிவிட்டு, பாடம் சரியாக ஒப்பித்தோமா என்பதுபோல் நாச்சம்மாளை ஒரு பார்வை பார்த்தாள்.

"அதெப்பிடிங்க? கரார் எம்பேர்லயில்ல இருக்குது" என்றார் ரத்தினசாமி.

"உங்க பேர்லயோ, நீங்க சொல்ற ஆளு பேர்லயோ" என்றாள் நாச்சம்மாள் அமைதியாக. "சட்டமுங்க. கந்தப்பன் மூச்சு விட முடியாது."

ரத்தினசாமி யாக்கோபைப் பார்த்தார். யாக்கோபு கரார் மேல் விரலை வைத்தார். "சரிதான். நீங்க சொல்லிச் சேர்த்ததல்லே. இனி ஆளைச் சொல்லுங்க."

தவணைக்கு அன்றுதான் கடைசி நாள். ரத்தினசாமி யோசித்துப் பார்த்தார். நாட்டில் எத்தனையோ பெண் பேர் இருக்கிறது. ஆனால் ஒன்றைத் தவிர வேறு எந்தப் பேரைச் சொன்னாலும் வீடு வாங்கலாம், வீட்டுக்குப் போக முடியாது.

"நாச்சம்மாள்" என்றார்.

எழுதி முடிந்தது. கந்தப்பன் கையெழுத்துப் போட்டான், பழனாத்தாளும் போட்டாள். ரத்தினசாமி புதுப் பேனாவின் மூடியைத் திறந்தபடியே கேட்டார். "எம்பேர்லயே எழுதியிருந்தா நான் எங்கீங்க ஒப்பிட்டிருப்பேன்?"

"எங்கயும் இல்ல. ஆதாரத்தில் வாங்கற ஆளுக்கு ஒப்பு வேண்டா. விக்கற ஆளும் சாட்சியும் மதி, அது போதும்."

கடலை மூட்டைகள் எல்லாம் அவர் கண்முன்னால் வரிசையாக வந்து நின்றன. மாட்டுத்தொட்டியும் வந்தது.

"அப்ப சாட்சிக்கு இவரையே போடுங்க" என்றாள் நாச்சம்மாள். "பாவம், எத்தனை பாடுபட்டுப் பழகியிருக்காரு."

ரத்தினசாமி போட்டார் பாருங்கள் ஒரு கையெழுத்து. கொம்பு, வால், அடியில் இரண்டு கோடு, ஒன்றும் குறையவில்லை. யாக்கோபே பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். ரத்தினசாமிக்கு மறுபடியும் உடம்பு நிமிர்ந்தது. அந்தக் கையெழுத்துக்குக் கீழே ஆள் யார் என்று யாக்கோபு ஒரு வரி எழுதினார். இந்த முறை ரத்தினசாமி தலையாட்டவில்லை. புத்தி வந்திருந்தது.

"என்ன எழுதுனீங்க? தமிழ்ல சொல்லுங்க."

யாக்கோபு சொன்னார்: "சாட்சி, மேற்படி நாச்சம்மாள் ஊட்டுக்காரர்."

இத்தனை காலமாக ஊர்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அன்று மத்தியானம் சர்க்காரும் முத்திரை குத்திவிட்டது.