முப்பத்தஞ்சுல நிக்காத உப்பு

முப்பத்தாறு.

முகுந்தன் உப்பு பார்க்கிற குழலைக் கண்ணிலிருந்து எடுத்தார். பனியனில் துடைத்தார். தொட்டித் தண்ணீர் இன்னொரு சொட்டு விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தார். முப்பத்தாறேதான். நேற்றுச் சாயங்காலம் முப்பத்தஞ்சு இருந்தது. கடல் தண்ணீருக்கு முப்பத்தஞ்சு என்று கணக்கு. அவ்வளவு பெரிய கடலே அதில் அடங்கிக் கிடக்கும்போது, கிள்ளானில் ஒரு தெரஸ் வரிசை வீட்டு ஹாலில் இருக்கிற ரெண்டடி மீன் தொட்டிக்கு என்ன கொழுப்பு?

"வாணி! தொட்டில கைய வச்சியா?"

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க," என்று அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

கேட்டதே தப்பு. தொட்டி வந்த நாளிலிருந்து வாணி அதன் பக்கம் திரும்பியதில்லை. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. முகுந்தன் ஆர்க்கிட் வளர்க்கிறேன் என்றார். பூந்தொட்டிகள் மட்டும் மிஞ்சின. கீபோர்டு கற்றுக்கொள்கிறேன் என்றார். அது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. திரெட்மில் வாங்கினார், அதில் இப்போது துண்டு காய்கிறது. கடைசியாக இது.

முதலில் வாங்கிய ரெண்டு கடல் மீனும் ஒரே வாரத்தில் செத்துப்போயின. தண்ணீர் பழகுவதற்கு ஆறு வாரம் காத்திருக்கணும் என்று கடைக்காரர் வாலண்டைன் தலைபாடாய் அடித்துக்கொண்டார், யார் கேட்டது? அன்றைக்கு முகுந்தன் குளியலறைக்குள் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். போர்ட் கிள்ளான் கிடங்கில் நாற்பது லோரிக்காரர்களை மேய்க்கிற மனுஷன்.

"இதுவும் போச்சுன்னா அந்த இடத்துல தட்டுமுட்டு அலமாரி வந்துடும், சொல்லிட்டேன்," என்றாள் வாணி.

இந்த முறை ஆறு வாரம் முழுசாகக் காத்திருந்தார். அப்புறம்தான் ஆரஞ்சும் வெள்ளையும் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி வந்தது. தனக்குப் பிடித்த ஐஸ் கச்சாங் இனிப்பை ரெண்டாகப் பிரித்து, பெரியதற்கு ஐஸ், சின்னதற்குக் கச்சாங் என்று பேர் வைத்தார். ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் ரெண்டும் கண்ணாடிக்கு ஓடிவரும். ஐம்பத்திரண்டு வயசில் தன்னைப் பார்த்து ஓடிவர ரெண்டு ஜீவன்! இதையாவது ஒழுங்காகச் செய்து காட்டணும் என்று அவருக்கு வெறியே வந்துவிட்டது.

ஒரே ஒருமுறை வாணி கேட்டாள். "இவ்ளோ உப்புல அதுக்கு ஒண்ணும் ஆவாதா?"

"அடி மக்கு, இது கடல் மீன். உப்புதான் அதுக்கு உயிரு!" என்று முகுந்தன் அரை மணி நேரம் பாடம் எடுத்தார். அவருக்கு அறிவியல் பிடிக்கும். புதுக் கார் வந்தபோது டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தவளை ஒரு மாசம் கிண்டல் பண்ணியவர். அதற்குப் பிறகு அவள் இந்த மாதிரி விஷயம் எதையும் அவரிடம் பேசுவதில்லை.

முகுந்தன் வாலண்டைனுக்குப் போன் போட்டார். ஸ்ரீ கெம்பாங்கானில் கடல் மீன் கடை வைத்திருப்பவர்.

"தண்ணி ஆவியாப் போகுது, உப்பு தங்கிடுது. அவ்ளோதான் பாஸ். குறைஞ்ச அளவுக்கு வெறும் தண்ணி ஊத்துங்க."

"குறையலையே! கண்ணாடில கோடு போட்டு வச்சிருக்கேன். தண்ணி கோட்டுல இருக்கு, உப்பு மட்டும் ஏறியிருக்கு."

"அது எப்படி லா?" என்றார் வாலண்டைன்.

அதைத்தான் முகுந்தனும் கேட்டார்.

மறுநாள் கூட வேலை செய்கிற விஜயனை வீட்டுக்குக் கூட்டிவந்தார். விஜயனின் மச்சான் அரோவானா மீன் வளர்ப்பவர். அந்த வகையில் விஜயனும் பாதி நிபுணர்.

விஜயன் தொட்டியைப் பார்த்து வாயைப் பிளந்தார். "ஐயோ, என்னா கலரு! எங்க மச்சான் வீட்டுல கூட இப்படி இல்ல முகுந்தா!" பத்து நிமிஷம் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். வேறொன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஒருதடவை டாய்லெட் போனார், பால் போடாத தே ஓ குடித்தார், கிளம்பினார்.

காலையில் முப்பத்தேழு.

குழல்தான் கோளாறு என்று முகுந்தன் புதுக் குழல் வாங்கினார். அதுவும் முப்பத்தேழு என்றது. தொட்டியில் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றினார். முப்பத்தஞ்சுக்கு வந்தது. சாயங்காலம் அடுப்புக்குக் கேஸ் தோங் தூக்கிவந்தவர், "அங்கிள், மீனு சூப்பரு!" என்று கிரில் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். காலையில் முப்பத்தாறு.

மறுபடி இறக்கினார். இறக்கிவிட்டு, கடல் மீன் வளர்ப்போர் வாட்ஸாப் குழுவில் தன் துன்பத்தை எழுதினார். நல்ல மனசுக்காரர்கள். சனிக்கிழமை நாலு பேர் நேரிலேயே வந்துவிட்டார்கள். ஒருவர் கல்லைச் சந்தேகப்பட்டார், ஒருவர் மண்ணை. ஒருவர் விளக்கை மாற்றச் சொன்னார். நாலாமவர் ஐஸையும் கச்சாங்கையும் முப்பது போட்டோ எடுத்து, "இந்த ஜோடி எனக்குக் கிடைக்கலையே," என்று பெருமூச்சு விட்டார். அவர்கள் போனதும் முகுந்தன் கல்லை எடுத்துக் கழுவினார், மண்ணைக் கிளறினார். தொட்டி சாக்கடை மாதிரி கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை முப்பத்தொன்பது.

ஐஸ் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. கச்சாங் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. முகுந்தன் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டார். "போயிடாதடா, போயிடாதடா," என்று கண்ணாடியைத் தடவிக்கொண்டே சாயங்காலம் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினார். நாலு மணிக்கு ஐஸ் எழுந்து நீந்தியது. அடுப்படி வாசலில் நின்றிருந்த வாணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயமாக இருக்கும் என்று முகுந்தன் நினைத்தார்.

அன்றைக்குத்தான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வரிசையாக எழுதிப் பார்த்தார். முதல் நாள் மீட்டர் பார்க்க வந்தவர் நின்று பார்த்தது, ஒன்று ஏறியது. விஜயன் வந்தது, ஒன்று. கேஸ்காரர் எட்டிப் பார்த்தது, ஒன்று. குழுவிலிருந்து நாலு பேர், நாலு. யாரும் வராத நாள், ஒன்றுமில்லை. மனுஷன் பார்த்தால் தண்ணீரில் உப்பு ஏறுமா? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

திங்கள்கிழமை நேராக விஜயனிடம் போனார். "உண்மையச் சொல்லு. டாய்லெட் போறேன்னு போயி தொட்டில எதையும் போட்டியா?"

விஜயன் கையிலிருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை மடித்துவிட்டு எழுந்தார். "இருபது வருஷப் பழக்கம் முகுந்தா. உன் வீட்டு டாய்லெட்டுக்குப் போனதுக்கு இந்தப் பேச்சா?" அதிலிருந்து அவர் வேறு மேசையில் சாப்பிட்டார்.

முகுந்தன் வீட்டுக்கு ஆள் வருவதை நிறுத்தினார். தொட்டியை ஜமுக்காளத்தால் மூடினார். பத்து நாள் முப்பத்தஞ்சு அசையவில்லை. ஆனால் இருட்டில் மீன்கள் இரை எடுக்காமல் வெளிறிப்போயின. ஜமுக்காளத்தை எடுத்துவிட்டு வாலண்டைனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, நீங்களே வந்து பாருங்க. இல்லன்னா ரெண்டையும் திரும்ப எடுத்துட்டுப் போயிடுங்க. எங்கிட்ட இருந்தா செத்துடும்."

அடுத்த ஞாயிறு மதியம் வாலண்டைன் வந்தார். கல்லை மோந்தார், மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு முப்பத்தஞ்சு. குறை ஒன்றுமில்லை.

"பதினெட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் பாஸ். இவ்ளோ அழகான ஜோடியப் பார்த்ததில்ல," என்று கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தார். "சரி, வரேன்." எழுந்தார். செருப்பும் மாட்டினார். அடுப்படியில் ஏதோ டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் முகுந்தன் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். வாலண்டைன் படித்தார். செருப்பைக் கழற்றினார். திரும்ப வந்து தொட்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஆளு வந்தா ஏறுதுல்ல? நான் வந்துட்டேன். ஏறட்டும். என் கண்ணு முன்னால ஏறட்டும். அதுவரைக்கும் நகர மாட்டேன்."

ரெண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கால் மணிக்கு ஒருதடவை குழல். முப்பத்தஞ்சு. முப்பத்தஞ்சு. முப்பத்தஞ்சு.

வாணி தேத்தண்ணி கொண்டுவந்தாள், இடது கையில். முகுந்தனுக்குச் சுருக்கென்றது. வந்தவருக்கு இடது கையாலா கொடுப்பது? கண்ணால் முறைத்தார்.

"வலது கை சுளுக்கிக்கிச்சு," என்று வாணி அந்தக் கையைச் சேலைக்குள் மறைத்தாள். "அண்ணே, கெசாஸ் ஹைவேல ஜாம் ஆயிடும். இப்பவே கிளம்பினா சுகமாப் போயிடலாம்."

"பரவால்லங்க அக்கா."

கொஞ்ச நேரத்தில் முறுக்குத் தட்டு வந்தது. அதுவும் இடது கை. "அண்ணே, மழை வர்ற மாதிரி இருக்கு."

வெளியே வெயில் கொளுத்தியது.

"என்ன வாணி, வந்தவர விரட்டுற?" முகுந்தனுக்கு அவமானமாகிவிட்டது. "உனக்குத்தான் இந்த மீனு ஆகாது. எப்ப சாகும், எப்ப அலமாரி வைக்கலாம்னு பார்த்துக்கிட்டு இருக்க. ஒரே ஒரு மனுஷன் எனக்கு உதவி பண்ண வந்திருக்காரு. அவரையாவது நிம்மதியா உட்கார விடு!"

வாணி கண் கலங்கி அடுப்படிக்குள் போனாள்.

ஒரு மணி நேரம் ஆனது. வாலண்டைன் குழலைக் கீழே வைத்தார். "எனக்கே கிறுக்குப் பிடிக்குது பாஸ். நான் வந்தும் ஏன் ஏறல?"

பக்கத்து வீட்டு உர்சுலா ஆன்டி பின்வாசல் வழியாக வந்தார். மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்த கையோடு, வாணியின் டப்பர்வேரைத் திருப்பித் தர வந்தவர். அடுப்படியில் ரெண்டு நிமிஷம் குசுகுசுவென்று பேச்சு. பிறகு ஆன்டி ஹாலுக்கு வந்து, இடுப்பில் கை வைத்து வாலண்டைனைப் பார்த்தார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க, நீங்க கேட்டைத் தாண்டினாத்தான் வாணி உங்க கண்ணு திருஷ்டி கழிய மீனுக்குச் சுத்தித் தொட்டியில போட முடியும், எடுத்த உப்பத் திரும்ப வைக்கக்கூடாதுன்னு புள்ள ஒரு மணி நேரமா கையில பிடிச்சுக்கிட்டே நிக்குது!"