கூடுதல் நேரத்து அரசாங்கம்

மடைநாட்டில் தேர்தல் கிடையாது, கால்பந்து உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, ஏரி வற்றிக் கிடக்கும்போது, அதன் நடுவே சுண்ணாம்புக் கோடு போட்டு மேற்கரையாரும் கீழ்க்கரையாரும் மோதுவார்கள். வென்ற அணியின் தலைவர் அடுத்த முறை ஏரி வற்றும்வரை ஆள்வார். சமநிலையில் முடிந்தால், ஏற்கெனவே ஆள்பவரே தொடர்வார். நாற்காலிக்குப் புது முதுகு ஒத்துக்கொள்ளாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இந்த முறையை அயல்நாட்டு அறிஞர்கள் வியந்து பாராட்டியதாக மடைநாட்டுப் பாடநூல் சொல்கிறது. அறிஞர்களின் பெயரைச் சொல்வதில்லை.

ஆட்டம் முடிந்ததற்கான நீள விசிலை நடுவர் ஊதிய பிறகுதான் வரத்துக்கால்வாயின் ஷட்டரைத் தூக்க வேண்டும். அதுவரை ஆற்றுத் தண்ணீர் ஷட்டருக்கு அந்தப்பக்கம் நிற்கும். இந்தப்பக்கம் நாற்றங்காலில் நாற்று நிற்கும்.

அந்த ஆண்டு நடுவராக இருந்தவள் முத்துப்பேச்சி. மற்ற நாட்களில் பொடிப்பயல்களின் ஆட்டங்களுக்கு ஊதுபவள். அவளை இரு கரையாரும் சம அளவில் திட்டியிருந்தார்கள். அதுவே நடுநிலைக்கு அத்தாட்சியாக ஏற்கப்பட்டது.

மேற்கரை அணிக்கு அதிபர் செண்பகராயரே தலைவர், அமைச்சர்களே ஆட்டக்காரர்கள். ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் அதிபர் பந்தைக் கையால் தட்டிக் கோலுக்குள் தள்ளினார். பேச்சிக்கும் அந்தக் கைக்கும் நடுவே பொதுப்பணித்துறை அமைச்சரின் உடம்பு நின்றது. பார்க்காததை அவளால் ஊத முடியாது. கோல் கொடுத்தாள்.

"ஏ பேச்சி, கையில பட்டது எங்களுக்கே தெரியுது" என்று கரையிலிருந்து கத்தினார்கள்.

அவளுக்குச் சந்தேகம் வருவதற்குள் நடுக்கோட்டில் பந்தை வைத்து மறுபடி ஆடத் தொடங்கிவிட்டார்கள். சந்தேகம் ஊருக்குள் பரவாதிருக்க, சட்ட அமைச்சர் பூதலிங்கம் அங்கேயே ஓர் ஆணை படித்தார். "ஊதியது ஊதியதே. ஊதிய விசிலைத் திரும்பப் பெறவோ, திருத்தவோ, மறுபரிசீலனை செய்யவோ எவருக்கும், அதிபர் உட்பட, அதிகாரம் இல்லை." ஆணையைக் கல்லில் வெட்டி மைதானத்தின் ஓரத்தில் நட்டார்கள். செய்தி எட்டுத் திக்கும் போயிற்று. கோல் செல்லும் என்பதால் மேற்கரைக்கு மகிழ்ச்சி.

பிறகு கீழ்க்கரை இரண்டு கோல் போட்டது. இரண்டையும் போட்ட அணித்தலைவன் கொம்பையா பனியனைக் கழற்றிச் சுழற்றியபடி ஏரி முழுக்க ஓடினான். பேச்சி மஞ்சள் அட்டை காட்டினாள்.

"என்னக்கா, சந்தோசத்துல கழட்டுனதுக்கு அட்டையா?"

"கழட்டுனதுக்கு அட்டை. சந்தோசத்த வச்சுக்க. இன்னொரு மஞ்சள் வாங்குனா சிவப்பு, அடுத்த வருச ஆட்டத்துல எறங்க முடியாது."

"ஆட்டம் முடியட்டும், பேசிக்கிடுதேன்."

"முடிஞ்ச பெறகும் நான் கோட்டைத் தாண்டுற வரைக்கும் அட்டை செல்லும் தம்பி. பாத்துப் பேசு."

நேரம் முடிந்தது. மேற்கரை ஒன்று, கீழ்க்கரை இரண்டு. பேச்சி விசிலை உதட்டுக்குக் கொண்டுபோனாள். குடையுடன் பூதலிங்கம் மைதானத்துக்குள் வந்தார்.

"அவசரம் எதற்கு நடுவரே? வீணான நேரத்தைக் கூட்ட வேண்டாமா? ஆணை படித்ததும் அதிபர் நன்றியுரை ஆற்றினாரே."

ஆற்றியது உண்மை. அதற்கான நேரத்தைக் கூட்டினாள். அதுவும் முடிந்தது. அமைச்சர்களுக்கு மூச்சு வாங்கிய நேரத்தைக் கூட்ட ஓர் ஆணை வந்தது. பார்வையாளர்கள் கொட்டாவி விட்ட நேரத்தைக் கூட்ட அடுத்தது. தோற்றுக்கொண்டிருக்கிறோமே என்ற மனவேதனையில் அதிபர் இழந்த நேரம், ஒரு மருத்துவரின் கணிப்புப்படி, கணிசமானது. ஆணைகளைப் படிப்பதில் போகும் நேரத்தையும் கூட்ட வேண்டும் என்று கடைசியாக ஓர் ஆணை வந்ததும் சிக்கல் தீர்ந்தது. அதன் பிறகு ஆணை படித்தாலே ஆட்டம் நீண்டது.

ஆட்டம் மறுநாளும் நடந்தது, அதற்கு மறுநாளும். கைதட்டும் பணிக்கு ஆசிரியர்களை அனுப்பியதால் பள்ளிகள் மூடின. ஆட்டம் நடக்கையில் யாரும் ஏரிக்கரையை விட்டு நகரக் கூடாது என்பதால் சந்தை மூடியது. கிணறுகளில் வாளி தரை தட்டியது. நாற்று மஞ்சளடித்தபோது அரசு தாமதிக்கவில்லை. அதை இனிப் பொன்நாற்று என்றே அழைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கீழ்க்கரையின் கோல் கம்பங்களைத் தள்ளி நட்டு வாயை அகலப்படுத்தினார்கள். அதற்கும் வெளியேதான் அமைச்சர்கள் அடித்தார்கள். 'சமநிலையை நெருங்குகிறோம்' என்று அரசு நாளேடு நாள்தோறும் தலைப்புப் போட்டது.

கொம்பையா இதை எதிர்த்தானா என்றால், முதலில் எதிர்த்தான். பிறகு அவனுக்கும் நிழலில் ஒரு நாற்காலி போட்டார்கள்.

ஒரு மதியம் பேச்சி தண்ணீர் குடிக்க ஷட்டர் பக்கம் வந்தாள். ஷட்டரைக் காக்கும் சொக்கன் அவளுக்குத் தாய்மாமன் முறை.

"நாத்து வயசு தாண்டிட்டு பேச்சி. இன்னும் ரெண்டு நாள் போனா மாட்டுக்குத்தான் ஆகும்."

"தெரியும் மாமா. என் நாத்தும் அங்கதான கெடக்கு."

"பெறகு ஊத வேண்டியதுதான?"

"எவ்வளவு நேரம் நெசமாவே வீணாச்சுன்னு பாத்துட்டு இருக்கேன்."

"அன்னைக்கு அம்மாம் பெரிய கையப் பாக்காதவ, இன்னைக்கு நேரத்தப் பாக்கியாக்கும்."

பேச்சி குவளையைக் கவிழ்த்து வைத்தாள். "அன்னைக்குப் பாக்காமப் போனதுனாலதான் இன்னைக்குப் பாக்கேன். எல்லாருக்கும் சொல்லி வையும், சும்மா கத்தாதீகன்னு."

அவளுக்குப் பழைய விதி மனப்பாடம். வீணான நேரத்துக்கான காரணங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, 'அது எவ்வளவு என்பது நடுவருக்குத் தோன்றியபடி' என்று முடியும். அமைச்சர்கள் காரணங்களைத்தான் கூட்டிக்கொண்டே போனார்கள். கடைசி வரியை யாரும் தொடவில்லை. பொடிப்பயல்களின் ஆட்டத்துக்கு ஊதும் ஒருத்திக்கு ஏதாவது தோன்றக்கூடும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை பூதலிங்கம் புதிய ஆணையைப் பிரித்தார். சரியாக அப்போது அதிபருக்குப் பந்து கிடைத்தது. எதிரே யாருமில்லை, அகலமான கோல் மட்டும். விசில் பேச்சியின் உதட்டில் இருந்தது. ஊதியிருக்கலாம். ஊதவில்லை. அவருக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது, அது முடியட்டும் என்று காத்திருந்தாள். ஷட்டர் பக்கம் சொக்கன் கண்ணை மூடிக்கொண்டார். அதிபர் நிதானமாகக் குறிபார்த்து, ஓங்கி உதைத்தார். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து கால்வாய்க்குள் விழுந்தது.

பேச்சி நீளமாக ஊதினாள்.

"அது முடிவு விசில் அல்ல" என்றார் பூதலிங்கம். "இடைக்கால விசில்."

"முடிவு விசில்தான் ஐயா. போதும்னு தோணிச்சு, ஊதிட்டேன்."

"திரும்பப் பெறுங்கள்."

அவள் கல்லைக் காட்டினாள்.

"அதை எழுதியதே நான்தான்."

"நல்லா எழுதியிருக்கீக. 'அதிபர் உட்பட'ன்னு வேற போட்டிருக்கு."

"அது கம்பீரத்துக்காகப் போட்டது, நடுவரே. இதன் விளைவு என்னவென்று தெரியுமா?"

"தெரியும் ஐயா. ஏரி நெறையும்."

சொக்கன் ஷட்டர் சக்கரத்தைப் பாதிக்கு மேல் சுற்றியிருந்தார். முதலில் சத்தம் வந்தது, பிறகு வெடித்த மண்ணை நக்கிக்கொண்டு தண்ணீர் வந்தது. கைதட்டும் பணியில் இருந்த ஆசிரியர்கள் சம்பளமில்லாமல் கைதட்டினார்கள். மேற்கரை அணி மைதானத்தை விட்டு நகரவில்லை. ஆட்டம் தொடர்கிறது என்பது அவர்கள் நிலைப்பாடு. ஈரமான களம் நம் அணிக்குச் சாதகம் என்று நாளேடு எழுதியது.

கொம்பையாவுக்கு மாலை விழுந்தது. மாலையும் கையுமாகக் கணுக்கால் தண்ணீரில் நடந்து பேச்சியிடம் வந்தான்.

"அக்கா, நாட்டையே காப்பாத்திட்டீக. ஒரு சின்ன விசயம். அந்தக் கூடுதல் நேர ஆணைங்க இருக்குல்லா, அதை ரத்து பண்ணாம வச்சிருப்போம்னு பாக்கேன். நமக்கும் என்னைக்காவது தேவைப்படும்."

"நமக்கா?"

"நமக்குத்தான். நீங்க நம்ம ஆளுல்லா. அடுத்த வருசம் கொஞ்சம் பாத்து ஊதுனீகன்னா, நேரத்துக்குன்னே ஒரு துறை உண்டாக்கி உங்களையே மந்திரியாப் போட்டுருவேன்."

பேச்சி குனிந்து பார்த்தாள். சுண்ணாம்புக் கோடு தண்ணீரில் பால்போலக் கரைந்துகொண்டிருந்தது. ஆனாலும் தெரிந்தது. அவள் கோட்டுக்கு உள்ளேதான் நின்றாள்.

விசிலை ஒருமுறை ஊதி மஞ்சள் அட்டையை உயர்த்தினாள். அடுத்துச் சிவப்பு.

"எதுக்குக்கா?"

"ரெஃப்ரிய வளைக்கப் பாத்ததுக்கு" என்று சொல்லிவிட்டுக் கோட்டைத் தாண்டிக் கரையேறினாள்.

கொம்பையா பூதலிங்கத்திடம் ஓடினான். ஆளும் தரப்பும் எதிர்த் தரப்பும் ஒரே காரியத்துக்காகக் கூடியது மடைநாட்டில் அதுவே முதல்முறை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இருவரும் அந்தக் கல்லை மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் படித்தார்கள். வழி இல்லை.

ஆக, அடுத்த ஆட்டத்தில் இறங்க முடியாத ஒருவர் அந்த ஆண்டு ஆண்டார். அடுத்த வெற்றிக்காகச் செய்யவேண்டியது எதுவும் இல்லாததால் அவருக்குப் பொழுது போகவில்லை. கால்வாயைத் தூர்வாரினார். பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் திருப்பி அனுப்பினார். பொன்நாற்று என்ற சொல்லை ஒழித்தார். மிச்சமிருந்த பச்சை நாற்றை ஊரார் நட்டார்கள். மடைநாட்டில் அதுவரை இப்படி ஓர் ஆட்சி நடந்ததில்லை.

இந்த விபத்து இன்னொரு முறை நேராமல் தடுக்க இரு கரையாரும் சேர்ந்து ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். விசிலை உடனே ஒப்படைக்கும்படி குழு பேச்சிக்கு ஆளனுப்பியது. நடவு நடக்கிறது, கையெல்லாம் சேறு, பிறகு பார்க்கலாம் என்று அவள் சொல்லி அனுப்பிவிட்டாள்.