விசிறி நைனாவும் காசிக்குக் கிளம்பிய மாப்பிள்ளையும்

விசிறியை விற்றுவிட்டு, அதை வீசக் கூடாது என்று தடை போட்ட ஒரே வியாபாரி மயிலாப்பூர் விசிறி நைனாதான். எல்லோரையும் நைனா என்பார். அதனால் அவரும் நைனா ஆனார்.

குளக்கரையோரம் அவர் கடை. பனையோலை விசிறிக்குச் சிவப்புப் பட்டில் விளிம்பு தைத்து, ஜிகினாவும் கண்ணாடிச் சில்லும் ஒட்டி, கல்யாண மாப்பிள்ளைகள் காசி யாத்திரைக்கு எடுத்துப்போகும் விசிறியாக்குவார். வாங்க வந்தவர் ஒருதரம் வீசிப் பார்த்தால் போச்சு.

"காத்து வோணும்னா பீச்சுக்குப் போ நைனா. இது மாப்ள கையில நிக்கிற பொருளு" என்று பிடுங்கிக்கொள்வார். விற்ற பிறகும் விடமாட்டார். அழைக்காமலே கல்யாணத்துக்கு வந்து, விசிறியை ஒழுங்காகப் பிடித்திருக்கிறார்களா என்று மேற்பார்வை பார்ப்பார்.

தொண்ணூறுகளில் ஒரு மே மாதம், தி.நகர் சத்திரத்தில் என் அக்கா கல்யாணம். விசிறி நைனா கடையில் வாங்கியது; வழக்கம்போல் அவரும் வந்து நின்றார். மாப்பிள்ளையின் சித்தப்பா காலைக் காபியைக் குடித்துவிட்டு, "பாத்திரம் கழுவின ஜலமா இது?" என்று கேட்டுத் தொலைத்தார். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

அந்த நேரம் பார்த்துக் காசி யாத்திரை. சந்நியாசம் வாங்கக் கிளம்பும் மாப்பிள்ளையைப் பெண்ணின் அப்பா வழிமறித்து, பெண்ணைத் தருவதாகச் சொல்லித் திருப்பி அழைக்க வேண்டும். அப்பா அசையவில்லை.

"காசிக்குப் போற வழியில நல்ல காபி கிடைக்கும். போகட்டும்."

மாப்பிள்ளை பாவம், யாரும் கூப்பிடாமல் எப்படித் திரும்புவார்? குடையும் கைத்தடியும் விசிறியுமாக வாசலைத் தாண்டினார். பக்கத்து வீட்டைத் தாண்டினார். ஒயர் எட்டாமல் வீடியோக்காரர் நின்றுவிட்டார். பஸ் ஸ்டாப்பை நெருங்கும்போது, வேர்வை தாங்காமல் மாப்பிள்ளை விசிறியை எடுத்து வீச ஆரம்பித்தார்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினார் நைனா. "நில்லு மாப்ள, ஜிகினா உதிருது" என்று விசிறியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த சாஸ்திரிகள், "தடுத்தவர்தான் பொண்ணைக் குடுக்கணும். உமக்குப் பொண்ணு இருக்கோ ஓய்?" என்றார்.

"கீது சாமி. மாப்ள ரெடின்னா நானும் ரெடி."

அவ்வளவுதான், அப்பா வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார். "மாப்பிள்ளை, என் பொண்ணைத்தான் நீங்க பண்ணிக்கணும். வாங்கோ." முதலில் சிரித்தது அந்தச் சித்தப்பாதான்.

பந்தியில் நைனாவுக்கு நான்தான் பாயசம் பரிமாறினேன். "விசிறி பாழாயிடுத்தே நைனா" என்றேன்.

"நான் ஒட்டுனது உதிருமா நைனா? மாடி ஜன்னலாண்ட உங்க அக்கா அழுதுக்கினு இருந்துச்சு. பாக்க முடியல."

அக்காவைத் தாரைவார்த்துக் கொடுத்தவர்கள் இரண்டு பேர் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன்.